மலையிலிருந்து கடலுக்கு வரும் தீ

ஸ்பெயினின் வடகிழக்கு மூலையில் இருக்கும் காத்தலோனியாவில் ஜூன் 23 இரவு அநேகமாக யாரும் சீக்கிரம் தூங்கப்போவதில்லை. மறுநாள் 24, திருமுழுக்கு யோவானின் பிறப்புத் திருநாள், அரசு விடுமுறை. ஆனால் கொண்டாட்டம் எல்லாம் முந்தைய இரவில்தான். மதியமே பிள்ளைகள் பட்டாசு வெடிக்கத் தொடங்கிவிடுவார்கள். இந்தப் பருவத்தில் சூரியன் மறைய இரவு ஒன்பதரை ஆகிவிடும். அப்புறம் தெருவுக்குத் தெரு, சதுக்கத்துக்குச் சதுக்கம் தீ மூட்டுவார்கள். கடலோர ஊர்கள் சிலவற்றில் மணலிலேயே மூட்டுவார்கள். சான் ஜுவான் இரவு, அதாவது புனித யோவான் இரவு என்று இதற்குப் பெயர்.

இணையத்தில் தேடினால் முதலில் வருவது பார்சிலோனா கடற்கரைப் படங்கள். ஆயிரக்கணக்கான இளைஞர்கள், கையில் பாட்டில், பின்னால் வாணவேடிக்கை. இதைப் பார்த்துவிட்டு, விடிய விடியக் கடற்கரையில் குடித்து ஆடுவதுதான் சான் ஜுவான் என்று பலரும் முடிவு கட்டிவிடுகிறார்கள். நம்மவர்கள் யாராவது ஜூன் கடைசியில் ஊர் சுற்ற வந்தாலும் அந்த மணலைத் தேடித்தான் போகிறார்கள். எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு. பார்சிலோனா கடற்கரைகளில் தீ மூட்ட மாநகராட்சி அனுமதிப்பதே இல்லை. அனுமதி வாங்கிய தீக்கள் நகருக்குள், பேட்டைகளின் தெருமுனைகளில் எரிகின்றன. தார் உருகிவிடாதிருக்க அடியில் மணல் பரப்பி அதன்மேல் விறகை அடுக்குவார்கள். ஆக, கடற்கரைக் கூட்டத்தில் நிற்பவர் தீத் திருவிழாவுக்கு வந்து தீயைப் பார்க்காமலே போகிறார்.

அந்தத் தீ எங்கிருந்து வருகிறது என்பதுதான் எனக்கு இந்தத் திருவிழாவில் மிகப் பிடித்த விஷயம். நான் சொல்வது தீக்குச்சியை அல்ல. அந்த நெருப்பு நிஜமாகவே ஓரிடத்திலிருந்து கிளம்பி வருகிறது.

பிரனீஸ் மலைத்தொடரின் கிழக்குக் கோடியில் கனிகோ என்று ஒரு மலை. உயரம் ஏறத்தாழ 2,784 மீட்டர். பிரனீஸில் இதைவிட உயர்ந்த சிகரங்கள் நிறையவே உண்டு. ஆனால் இது சமவெளியிலிருந்து தனியாக எழுந்து நிற்பதால் வெகுதூரத்திலிருந்தே தெரியும். காத்தலோனியாவின் மொழியான காத்தலானைப் பேசுகிறவர்களுக்கு இது புனிதமான மலை. ஆனால் இன்றைய வரைபடத்தில் அது பிரான்சுக்குள் இருக்கிறது. 1659இல் ஸ்பெயினும் பிரான்சும் செய்துகொண்ட பிரனீஸ் உடன்படிக்கையில் காத்தலோனியாவின் வடபகுதி பிரான்சுக்குப் போனது. மக்களை யாரும் கேட்கவில்லை. ஒரே மொழி பேசிய ஊர்களுக்கு நடுவில் எல்லைக்கோடு விழுந்தது. 1886இல் ஜாசிந்த் வெர்தகேர் என்ற பாதிரியார்க் கவிஞர் இந்த மலையின் பெயரிலேயே ஒரு காவியம் எழுதினார். காத்தலான் இலக்கியத்தின் பெரிய படைப்புகளில் ஒன்று அது.

அந்தக் காவியத்தில் மனம் தோய்ந்தவர் ஃபிரான்செஸ்க் புஜாதஸ். மலையடிவாரத்தில் ஆர்லஸ் தெ தெக் என்ற ஊர்க்காரர். 1955இல் சான் ஜுவானை ஒட்டி, கனிகோ உச்சியில் தீ மூட்டி, அங்கிருந்து மற்ற ஊர்களுக்குத் தீயைக் கொண்டுபோக வேண்டும் என்று ஆரம்பித்தவர் அவர்தான். அப்போது தெற்கே ஸ்பெயினில் ஃபிராங்கோவின் சர்வாதிகாரம். காத்தலானுக்குப் பள்ளியிலும் இல்லை, அலுவலகத்திலும் இல்லை இடம். அந்த நிலையிலும் 1966இல் தீ எல்லையைக் கடந்து ஸ்பெயின் பக்கத்து விக் நகருக்கு வந்து சேர்ந்தது. கொடி பிடித்தால் கைதாகும் காலத்தில் ஒரு விளக்கை ஏந்தி எல்லை தாண்டியிருக்கிறார்கள். எல்லைக்காவல்காரன் அந்த விளக்கை என்னவென்று நினைத்திருப்பான் என்று நான் பலமுறை யோசித்ததுண்டு.

இப்போது நடக்கும் முறை இது. பிரான்சு பக்கத்துப் பெர்பினியான் நகரில் காஸ்தெல்யெட் என்று செங்கல்லால் கட்டிய பழைய கோட்டைவாசல் இருக்கிறது. ஒருகாலத்தில் சிறை, இப்போது அருங்காட்சியகம். அதற்குள் அந்தத் தீ ஆண்டு முழுக்க அணையாமல் காக்கப்படுகிறது. ஜூன் 22 அன்று அதை அங்கிருந்து எடுத்து மலை ஏறுவார்கள். அதற்கு முந்தைய வாரக்கடைசியிலேயே பல ஊர்க்காரர்கள் ஆளுக்கொரு விறகுக்கட்டைச் சுமந்து ஏறி, உச்சியில் நிற்கும் இரும்புச் சிலுவை அருகே வைத்துவிட்டு வந்திருப்பார்கள். சில கட்டுகள் திராட்சைத் தண்டுகள். நள்ளிரவில் அந்த விறகு எரியும். புதிதாக எழுந்த அந்தத் தீயிலிருந்து விளக்குகளை ஏற்றிக்கொண்டு இருட்டிலேயே இறங்கத் தொடங்குவார்கள். 23ஆம் தேதி முழுக்க ஓட்டக்காரர்கள், சைக்கிள்காரர்கள், கார்கள், படகுகள் என்று கைமாறிக் கைமாறி அது நாற்றிசையும் பரவும். மாலையில் பார்சிலோனாவின் சான் ஜாவ்மெ சதுக்கத்துக்கு வந்து சேரும். வாத்திய இசையோடு, ஆளைவிட மிக உயரமான ராஜா ராணி உருவங்கள் ஆடி வரவேற்கும். அங்கிருந்து பேட்டைகளுக்குப் பிரியும். இந்த ஏற்பாட்டில் ஓம்னியம் குல்துரால் என்ற பண்பாட்டு அமைப்புக்குப் பெரிய பங்கு. ஆண்டுதோறும் ஒருவர் புதிதாக ஒரு செய்தி எழுதுவார். தீ மூட்டும் இடங்களில் அதை உரக்க வாசிப்பார்கள்.

1955 என்றால் நேற்று நடந்ததுபோலத்தான். இதைப் போய்ப் பழமையான மரபு என்கிறார்களே என்று ஒரு நண்பர் கேட்டார். யோவான் திருநாள் தீ பழையதுதான். 7ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த எலிஜியுஸ் என்ற ஆயரின் பெயரில் வழங்கும் பிரசங்கம் ஒன்று, இந்தத் திருநாளில் ஆட்டமும் குதிப்பும் வேண்டாம் என்று கண்டிக்கிறது. கண்டிக்க வேண்டியிருந்தது என்றால் மக்கள் அதைச் செய்துகொண்டிருந்தார்கள் என்று அர்த்தம். திருச்சபையின் கணக்கும் இந்த நாளோடு அழகாகப் பொருந்திக்கொண்டது. லூக்கா நற்செய்தியின்படி யோவான் இயேசுவைவிட ஆறு மாதம் மூத்தவர். அதனால் கிறிஸ்துமஸுக்கு ஆறு மாதம் முன்னால் யோவானின் திருநாள். அதன் பிறகு பகல் குறைந்துகொண்டே போகும். கிறிஸ்துமஸுக்குப் பிறகு வளரும். இயேசுவைக் குறித்து, அவர் வளர வேண்டும், நான் குறைய வேண்டும் என்று யோவான் சொன்னதை, பழங்காலத் திருச்சபை அறிஞர் அகுஸ்தினார் இந்தச் சூரியக் கணக்கோடு சேர்த்து விளக்கியிருக்கிறார். மலைப்பகுதியில் இசில் போன்ற ஊர்களில் இளைஞர்கள் எரியும் மரக்கட்டைகளைத் தோளில் சுமந்து சரிவில் இறங்கி வருவார்கள். பிரனீஸின் இந்தத் தீ விழாக்களை 2015இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஆக, தீ பழையது. அதை ஒரே மலையில் ஏற்றி எல்லோருக்கும் பகிர்ந்துகொடுக்கும் ஏற்பாடு புதியது. யாரோ ஒரு மனிதர் நினைத்தார், மற்றவர்கள் சேர்ந்து தூக்கினார்கள், இரண்டு தலைமுறையில் அது ஊர் வழக்கமாகிவிட்டது. எனக்கு இந்தப் பகுதிதான் நெஞ்சை நிறைக்கிறது. மரபு என்றால் முன்னோர் கொடுத்தது என்று மட்டும் நினைத்து வளர்ந்தவன் நான். நம் காலத்து ஆட்களும் மரபைத் தொடங்கி வைக்கலாம் என்று இந்த விளக்கைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன்.

நான் இருப்பது பார்சிலோனாவுக்கு வடகிழக்கே, மரேஸ்மெ என்கிற கடலோரப் பகுதியில். இங்கே ஊர்கள் கடலைப் பார்த்தபடி வரிசையாக நிற்கும். ஊருக்கும் மணலுக்கும் நடுவில் ரயில் பாதை. பார்சிலோனாவிலிருந்து மதாரோ வரை 1848இல் போட்டது. ஐபீரியத் தீபகற்பத்தின் முதல் ரயில் பாதை. ஜன்னலோரம் உட்கார்ந்தால் அலை நுரை பக்கத்திலேயே தெரியும். மணல் மாவுபோல இருக்காது. மலைக் கருங்கல் உதிர்ந்து வந்த சொரசொரப்பான மணல், காலில் ஒட்டாது. புயல் அடிக்கும் குளிர்காலங்களில் கடல் அதையும் அள்ளிக்கொண்டு போய்விடுவதால், தீ மூட்டும் இடம் ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சம் தள்ளிப்போகும்.

எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஓய்வுபெற்ற தச்சர் ஒருவர் இருக்கிறார். சான் ஜுவான் நெருங்கினால் அவர் பேச்சு முழுக்க விறகுதான். அவர் சிறுவனாக இருந்தபோது, ஜூன் பிறந்ததும் தெருப்பிள்ளைகள் வீடு வீடாகப் போய்ப் பழைய மரச்சாமான் கேட்பார்களாம். கால் உடைந்த நாற்காலி, செல்லரித்த கதவு, தாத்தா படுத்திருந்த கட்டில் எல்லாம் வரும். சேர்த்ததைக் காவல் காப்பது இன்னொரு பெரிய வேலை. பக்கத்துத் தெருப் பையன்கள் ராத்திரியில் வந்து திருடிக்கொண்டு போய்விடுவார்கள். இல்லையென்றால் இரண்டு நாள் முன்னாலேயே பற்றவைத்துவிட்டு ஓடிவிடுவார்கள். அதனால் முறைவைத்துக் குவியல் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார்களாம். இப்போது அப்படி இல்லை. வார்னிஷ் பூசிய மரம், பிளாஸ்டிக், டயர், மெத்தை எதையும் போடக் கூடாது. ஊர் நிர்வாகம் கொடுக்கும் சுத்தமான மரத்தைத்தான் அடுக்க வேண்டும். சரக்குப் பலகைகள் வந்தால் நம் தச்சர் போய் நின்று ஆணிகளைப் பிடுங்குவார். எரிந்த பிறகு மணலில் கிடக்கும் ஆணி, ஜூலையில் ஏதோ ஒரு குழந்தையின் காலில் ஏறும் என்பது அவர் கவலை. முழுவதும் பிடுங்க முடியாது என்பது அவருக்கும் தெரியும். மறுநாள் நகராட்சி ஆட்கள் மணலைச் சலிப்பார்கள். இருந்தாலும் அவர் பிடுங்குவார்.

தீ வந்து சேரும் நேரம் ஊருக்கு ஊர் வேறு. எங்கள் ஊரில் பொழுது சாயும் வேளையில் ரயில் பாதைக்கு அடியில் இருக்கும் சுரங்கவழியாக ஓட்டக்காரர்கள் வருவார்கள். கையில் சிறிய எண்ணெய் விளக்கு. அதைப் பார்த்து முதன்முறை எனக்கு ஏற்பட்டது கொஞ்சம் ஏமாற்றம்தான், அவ்வளவு சிறியது. மலையுச்சியிலிருந்து வருவதாயிற்றே, பெரிய தீப்பந்தமாக இருக்கும் என்று எதிர்பார்த்திருந்தேன். அப்புறம் யோசித்தால், இருநூறு கிலோமீட்டர் போல மலையும் காற்றும் நெடுஞ்சாலையும் கடந்து வரவேண்டிய தீ சிறியதாகத்தான் இருக்க முடியும். செய்தியை ஒரு பள்ளி மாணவி வாசித்தாள். முதியவர்கள் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்கள். விளக்கிலிருந்து ஒரு குச்சியைக் கொளுத்தி, அதிலிருந்து தீப்பந்தங்களைக் கொளுத்தி, நாலு பக்கமும் ஒரே நேரத்தில் வைத்தார்கள். உப்புக் காற்று அடித்ததும் குவியல் முழுக்கப் பிடித்துக்கொண்டது. வெப்பம் முகத்தில் அறைய, கூட்டம் தானாகவே பத்தடி பின்னால் நகர்ந்தது.

அதன் பிறகு யாரும் யாரையும் வழிநடத்துவதில்லை. வேண்டாத நினைவுகளை ஒரு சீட்டில் எழுதித் தீயில் போடுகிறவர்கள் உண்டு. தேர்வு முடிந்த பிள்ளைகள் நோட்டுகளைப் போடுவார்கள். மருத்துவமனை ரசீதை மடித்துப் போட்ட ஒரு பெண்மணியை நான் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் நின்றவர்கள் ஒன்றும் கேட்காமல் அவர் தோளைத் தொட்டார்கள். தணல் அடங்கிய பிறகு ஜோடியாகக் கைகோத்து அதைத் தாண்டிக் குதிப்பவர்கள் உண்டு. நள்ளிரவு வாக்கில் கடலில் இறங்குவார்கள். இந்த இரவில் கடலில் நனைந்தால் ஆண்டு முழுக்க நோய் அண்டாது என்று நம்பிக்கை. தண்ணீர் ஜூன் கடைசியிலும் சில்லென்றுதான் இருக்கும். ஒரு பக்கம் தீ காய, மறுபக்கம் ஈரத்துணியோடு நடுங்கிக்கொண்டு நிற்பது நன்றாகவே இருக்கும்.

சாப்பாட்டைச் சொல்லாமல் விட முடியாது. இந்த இரவுக்கென்றே கோக்கா என்று ஒரு இனிப்பு ரொட்டி. நீளவாட்டில் தட்டையாக, அகலத்தைப்போல இரண்டு மடங்கு நீளமாக இருக்கும். முட்டை, வெண்ணெய், எலுமிச்சைத் தோல் சேர்த்த மாவைப் பொங்கவைத்து, மேலே சர்க்கரைப்பாகில் ஊறிய ஆரஞ்சு, செர்ரி, முலாம்பழத் துண்டுகளைப் பதித்து, பைன் கொட்டை தூவிச் சுடுவார்கள். சர்க்கரை மேலே மொறுமொறுவென்று உறைந்திருக்கும். கிரீம் வைத்தது உண்டு. வறுத்த பன்றிக்கொழுப்புத் துண்டுகள் சேர்த்ததும் உண்டு. இனிப்பும் உப்பும் கலந்த அந்தக் கடைசி வகைதான் இங்குள்ள வயதானவர்களுக்கு உயிர். எனக்குப் பழம் பதித்தது. கூடக் காவா என்ற நுரைமது. சில தெருக்களில் போக்குவரத்தை நிறுத்தி நீள மேசை போட்டு, ஒவ்வொரு வீடும் ஒரு பதார்த்தம் கொண்டுவந்து சேர்ந்து சாப்பிடும். எங்கள் வீட்டிலிருந்து எலுமிச்சை சாதம் போகும். குளிர்ந்த பிறகும் நன்றாக இருக்கும் என்பதால் அதற்கு அங்கே நல்ல பெயர்.

மூலிகை பறிப்பதும் இந்த இரவோடு சேர்ந்தது. பச்சை அக்ரூட் (வால்நட்) காயை ஓடு கெட்டியாகுமுன் பறித்து, மூலிகைகளோடு சாராயத்தில் ஊறவைத்து, கண்ணாடி ஜாடியை நாற்பது நாள் வெயிலிலும் பனியிலும் வைத்து ரதாஃபியா என்ற மதுவை எடுப்பார்கள். மலையோர ஊர்களில் இது பெரிய விஷயம். கடலோரத்தில் அவ்வளவு இல்லை.

பாதையைப் பற்றிச் சொன்னேன் அல்லவா. ஊருக்கும் கடலுக்கும் நடுவில் ரயில் ஓடும் இடங்களில் இந்த இரவு ஆபத்தானதும்கூட. பார்சிலோனாவுக்குத் தெற்கே காஸ்தெல்தெஃபெல்ஸ் கடற்கரை நிலையத்தில் 2010 ஜூன் 23 இரவு, ரயிலிலிருந்து இறங்கிய இளைஞர்கள் கடற்கரைக்குப் போகும் அவசரத்தில் தண்டவாளத்தைக் கடந்தார்கள். அந்த நிலையத்தில் நிற்காத விரைவு ரயில் வந்து மோதியது. 12 பேர் இறந்துபோனார்கள். பலரும் லத்தீன் அமெரிக்காவிலிருந்து பிழைக்க வந்த குடும்பங்களின் பிள்ளைகள். தங்கள் புது ஊரின் திருவிழாவுக்குக் கிளம்பிய பிள்ளைகள். இன்னொரு கண்டத்திலிருந்து வந்து இங்கே குழந்தை வளர்க்கும் எனக்கு அந்தச் செய்தியைச் சாதாரணமாகக் கடந்துபோக முடியவில்லை. இன்றும் அந்த இரவில் நாங்கள் எல்லோரும் சுரங்கவழியில் வரிசையாக நின்று, மெதுவாகத்தான் போகிறோம். தள்ளுகிறவர்களைப் பெரியவர்கள் அதட்டுவார்கள். அதட்டட்டும்.

இன்னொரு கவலை வறட்சி. மழை பொய்த்த ஆண்டுகளில் காடு தீக்குச்சிக்காகக் காத்திருக்கும். மார்ச் 15 முதல் அக்டோபர் 15 வரை காட்டிலும் அதைச் சுற்றி 500 மீட்டருக்குள்ளும் அனுமதியின்றித் தீ மூட்டக் கூடாது என்பது காத்தலோனியச் சட்டம். சான் ஜுவானுக்கும் விலக்கு இல்லை. ஆபத்து கூடும் நாட்களில் அனுமதி கொடுத்த தீயையும் நிறுத்திவிடுவார்கள். சிலர் இதைக் கேட்டுக் கோபப்படுகிறார்கள், மரபில் கைவைக்கிறார்களாம். நான் அவர்கள் பக்கம் இல்லை. மலையிலிருந்து தீயைக் கொண்டுவரும் விழா, காட்டை எரித்துவிட்டு நடக்க முடியாது. கடற்கரைத் தீயின் அருமை இங்கேதான் தெரிகிறது. ஒரு பக்கம் முழுக்கத் தண்ணீர், அடியில் மணல், பக்கத்தில் மரம் இல்லை. வருங்காலத்தில் உள்ளூர்த் தீக்கள் பலவும் கடலை நோக்கி நகர வேண்டியிருக்கும் என்று நினைக்கிறேன்.

2020இல் தொற்றுக்காலம். பல ஊர்களில் தீ இல்லை. பார்சிலோனா அன்றிரவு கடற்கரைகளை மூடியது. எங்கள் தெருவில் விளக்கு ஏற்றி ஜன்னலில் வைத்தவர்கள் இருந்தார்கள். நம் தச்சர் அன்று ஆணி பிடுங்க விறகில்லாமல் பால்கனியில் உட்கார்ந்திருந்தார்.

யாராவது வருவதாக இருந்தால் என் யோசனை இது. பார்சிலோனாவில் தங்கினாலும் மாலையில் கடலோர ரயிலைப் பிடித்து மரேஸ்மெயின் ஏதாவது ஒரு சின்ன ஊருக்கு வாருங்கள். தீ எங்கே, எத்தனை மணிக்கு என்று நகராட்சி இணையப் பக்கத்தில் போட்டிருப்பார்கள். கடற்கரையிலா சதுக்கத்திலா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள், எல்லா ஊரிலும் மணலில் மூட்டுவதில்லை. விளக்கு வரும்போதே போய் நிற்க வேண்டும். எரிந்து பாதி ஆன பிறகு போனால் வெறும் நெருப்புதான் மிஞ்சும். நைலான் துணி வேண்டாம், பருத்தி போடுங்கள், பொறி பறக்கும். நாயோ கைக்குழந்தையோ கூட இருந்தால் பட்டாசுச் சத்தத்தை நினைத்து இரண்டு முறை யோசியுங்கள். திரும்பிப் போகும் கடைசி ரயிலின் நேரத்தை முன்பே குறித்துக்கொள்ளுங்கள். கோக்காவுக்கு முதல் நாளே பேக்கரியில் சொல்லிவைப்பது நல்லது. 23 மாலையில் வரிசை கடை வாசலைத் தாண்டித் தெருமுனை வரை நிற்கும், பழம் பதித்தது முதலில் தீர்ந்துவிடும்.